தர்சி பென்சிலால் கீறிய வேலிப் பொட்டுகள்

என் தர்சிக்கு, உனக்கு எழுத ஒரு வருடம் பிந்திவிட்டேன். கோபிக்காதே.

உன் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று நினைவுமலர் அடித்தபோது எல்லோரும் எழுதினார்கள். கொழும்பில் இருக்கும் பெரியப்பா எழுதினார். உன்னோடு நாலாம் வகுப்பில் ஒரே மேசையில் இருந்ததாகச் சொன்ன ஒருத்தி, நீ ஒருநாளும் பெயர் சொல்லி நான் கேட்டிராதவள், இரண்டு பக்கம் எழுதினாள். உன் அண்ணன் மனைவி என்ற முறையில் எனக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு நிரப்பினார்கள். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இப்போது இந்தக் குளிர்நாட்டில், அஜின்கோர்ட்டில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து எழுதுகிறேன். மத்தியானம் ஒன்றரை மணி. பின்னால் உன் மருமகள் நித்திரை. ஆரணிக்கு இரண்டரை வயது நடக்கிறது. கட்டிலில் போட்டால் கண்ணை மூடமாட்டாள். காரில் ஏற்றி நாலு தெரு சுற்றினால் தலை சரிந்துவிடும். இறக்கித் தூக்கினால் எழும்பிவிடுவாள். அதனால் என் மத்தியானங்கள் எல்லாம் இப்படிக் கார்த் தரிப்பிடங்களில் கழிகின்றன. லப்டொப் மடியில், ஒரு கண் கண்ணாடியில். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு பந்தி முடிவிலும் பார்த்துக்கொள்கிறேன். இப்போதும் பார்த்தேன். ஏறி இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆண்டுத்திவசம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, உன் பெயரைச் சூட்டிய வரைபடம் ஒன்று வெளிவர இருந்தது. ஊரில் நீ நடந்து நடந்து சேர்த்த பெண்களின் பாதைகள் எல்லாம் அதில் இருந்தன. மாமி கோயிலிலும் பலசரக்குக் கடையிலும் கண்டவர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்: "என்ர மகளின்ர பேரிலை ஒரு மப் வருகுது." நேற்று நான் அதை நிறுத்திவிட்டேன் தர்சி. நிறுத்தியது மட்டுமில்லை, அழிக்கவும் சொல்லிவிட்டேன். மாமிக்கு இன்னும் தெரியாது. அவருக்குச் சொல்ல முதல் உனக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது.

இந்த இடம்வரை எழுதியிருப்பேன், போன் அதிர்ந்தது. உன் அண்ணன்.

"எங்கை நிக்கிறீர்?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஏன் இருபது நிமிசமா அசையாமல் நிக்கிறீர்?"

"பிள்ளை நித்திரை. இறக்கினா எழும்பியிடுவாள்."

"கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருக்கிறீரோ?"

"ஓம்."

"அவளுக்குக் குளிரேல்லையே?"

"இல்லை ரமணன். ரெண்டு பேரும் மூச்சும் விடுறம்."

அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை. லொறிக் கொம்பனியில் நாள் முழுக்கத் திரையில் புள்ளிகளைப் பார்க்கிற வேலை அவருக்கு, உனக்குத் தெரியும். எந்த லொறி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது. நீ போன பிறகு எங்கள் எல்லோரின் போனிலும், நாங்கள் நிற்கிற இடத்தை அவருக்குச் சொல்லும் ஓர் அப்பைப் போட்டுவிட்டார். இப்போது அந்தத் திரையின் ஓர் ஓரத்தில் நானும் ஒரு புள்ளி, மாமியும் ஒரு புள்ளி.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்று பின்னேரம் விட்பி நிலையத்தில் ரயிலால் இறங்கி, தரிப்பிடத்தில் நின்ற உன் காரில் ஏறி உட்கார்ந்தாய். மூளையில் இரத்தம் கசிந்தது என்று பிறகு சொன்னார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. உன் கார்க் கண்ணாடி மூடிவிட்டது. ரமணன் அந்தத் தரிப்பிடத்துக்குள் இரண்டு தரம் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். எல்லாக் காரும் ஒரே மாதிரி வெள்ளையாக நின்றதாம். காலையில் பொலிஸ்தான் கண்டுபிடித்தது. முதல் தரம் போனபோதே கண்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? வைத்தியர்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் எங்களைப் புள்ளிகளாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆரணியின் குளிர்ச்சட்டை விளிம்பைப் பிரித்து, இடம் காட்டுகிற ஒரு சின்ன வில்லையை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன். அவள் என்னை விட்டு இருபது அடி தள்ளிப் போவதில்லை. அதற்கே இந்தப் பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நீ சொல்வது கேட்கிறது.

நீ என்னை இந்த வேலைக்குள் இழுத்த நாள் நினைவிருக்கிறதா? ஆரணிக்கு ஐந்து மாதம். நான் தலை சீவாமல் இருந்த காலம். நீ வந்து லப்டொப்பைத் திறந்து வைத்தாய். வானிலிருந்து எடுத்த செய்மதிப் படம் ஒன்று. உலகின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் தொண்டர்கள், வார இறுதியில் கோப்பி குடித்துக்கொண்டு, வறிய நாடுகளின் வீடுகளையும் வீதிகளையும் அந்தப் படத்தின் மேல் கீறுவார்கள். வெள்ளம் வந்தால், நோய் வந்தால் உதவி போய்ச் சேர அந்த வரைபடம் வேண்டும். நல்ல காரியம்தான். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மச்சாள், மேலையிருந்து பாத்தாக் கூரை தெரியும், றோட்டுத் தெரியும். ஒரு பொம்பிளை ஏன் அந்த றோட்டாலை போறேல்லை எண்டு தெரியுமே?"

பிறகு குறிகளின் பட்டியலைக் காட்டிச் சிரித்தாய். "குடிக்கிறதுக்கு எத்தினை குறி வைச்சிருக்கிறாங்கள் பார். இருந்து குடிக்க ஒண்டு, நிண்டு குடிக்க ஒண்டு, வாங்கிக்கொண்டு போய்க் குடிக்க ஒண்டு. எங்கை, மருத்துவிச்சிக்கு ஒண்டைக் காட்டு பாப்பம்! உன்ர மகள் பெரிசானா, துணி வாங்குற கடை எங்கை எண்டு இந்தப் படம் சொல்லுமே?"

அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கூரை கீறினேன். நாங்கள் வேலை செய்த சின்ன உதவி நிறுவனத்தில் உனக்கு மேலே இருந்த கரொலைனுக்கும் உன் கேள்வி பிடித்துப்போனது. மூன்று மாதத்துக்கு உன்னை ஊருக்கு அனுப்பினாள்.

எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன். வடக்கே, கடலோரம். அவ்வளவு போதும். ஏன் என்று இதை வாசிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சத்தில் விளங்கும்.

நீ அங்கே பெண்களைக் கூட்டி வைத்துக் கேள்விக்கொத்து நிரப்பவில்லை. தண்ணீர் வாளிக்குள் போனைப் போட்டு, மேலே துணியை மூடி, "நீங்கள் வழமையாப் போற மாதிரிப் போயிட்டு வாங்கோ அக்கா" என்று அனுப்பினாய். போன் அவர்கள் நடந்த தடத்தைப் பதிந்தது. அந்தத் தடங்களை நீ அனுப்பியபோது கரொலைன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள், கருவி பிழையா என்று. ஏனென்றால் கோடுகள் எல்லாம் வேலிகளுக்கூடாகப் போயின. ஊரின் ஒரே நேர் வீதி, கள் விற்கிற தவறணைச் சந்தியால் போகிறது. ஒரு பெண்ணின் கோடுகூட அதில் விழவில்லை. எல்லாம் வீடுகளின் பின்வளவுகளுக்கூடாக, வளைந்து வளைந்து, கிணற்றடி கிணற்றடியாகப் போயின.

அவளுக்குப் பொட்டு என்றால் என்னவென்று நான்தான் சொன்னேன். ஒரு வளவுக்கும் மற்ற வளவுக்கும் இடையில், தென்னோலைக் கிடுகு வேலியில், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்ட ஓட்டை. ஆண்கள் முன்வாசல் படலையால் போவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பொட்டால் போவார்கள். உப்புக் கேட்கப் போவதும் அதால்தான், அழப் போவதும் அதால்தான். யாரும் கட்டிய பாதை இல்லை. யாரும் தடுக்காத பாதை. கரொலைன் கண் கலங்கிவிட்டாள். "இது எவ்வளவு அழகு" என்றாள். எனக்கும் அன்று அது அழகாகத்தான் இருந்தது.

நீ திரும்பி வந்து மூன்று கிழமையில் போய்விட்டாய். உன் நீல மட்டைக் குறிப்புக் கொப்பி என்னிடம் வந்தது.

அதில் தண்ணீர்க் குழாய், கிளினிக், துணி விற்கிற கடை, இரவில் ஓட்டோக்காரர் நம்பி வருகிற வீடு, எல்லாம் நீலப் பேனாவால் கீறியிருந்தாய். பொட்டுகள் மட்டும் பென்சிலில். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பேனாவால் கீறியது நீ முடித்த வேலை, பென்சிலால் கீறியது நீ முடிக்காமல் விட்ட வேலை என்று நினைத்தேன். கல்வெட்டுக்கு அரைப் பக்கம் எழுத முடியாதவள், உனக்கு இதையாவது முடித்துத் தருவோம் என்று இருந்தேன். ஆரணியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு பொட்டாக அந்தத் திறந்த வரைபடத்தில் ஏற்றினேன். பதினொரு பொட்டு. தனித்தனியாக நின்ற துண்டுகளை 'இந்தப் பாதை எதனோடும் சேரவில்லை' என்று அந்த மென்பொருள் மஞ்சள் குறி போட்டுக் காட்டியது. சேர்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தின் பின்வேலியில் தொடங்கிக் கடைசி வீடுவரை ஒரே பாதையாக, வீதியோடும் இணைத்து, யாரும் நடக்கலாம் என்ற குறியோடு. கடைசி வீட்டுக்குப் 'பெண்கள் கூடும் இடம்' என்று பெயரும் வைத்தேன்.

முதல் இரண்டு பக்கத்தில் நீ அழித்த தடம் இருந்தது. அதைக்கூட நான் விடவில்லை தர்சி. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அழிந்த கோடுகளையும் கண்டுபிடித்துக் கீறினேன். உன் முப்பத்தோராம் நாள் காலையில் முடித்தேன். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, உன் படத்துக்கு முன்னால் நின்று, "முடிச்சிட்டன் மச்சாள்" என்று சொன்னேன்.

சற்று முன் ஆரணி புரண்டு படுத்தாள். எழும்பிவிட்டாளோ என்று கையை எடுத்துவிட்டேன். இல்லை.

அந்தக் கடைசி வீட்டில் யார் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பரிமளம் அக்கா. புருஷனைப் போரில் இழந்தவர். சட்டை தைக்கிறவர். ஊரில் எவளுக்காவது வீட்டில் அடி விழுந்தால், பொட்டுப் பொட்டாகக் குனிந்து ஓடி அவரிடம்தான் போய்ச் சேருவாள். அடித்தவனின் குடிவெறி முறியும்வரை அங்கே இருப்பாள். துரத்தி வருகிறவன் வீதியில் தேடுவான், கோயிலில் தேடுவான், கிடைக்கமாட்டாள். வழியில் இருக்கிற எல்லாக் கிணற்றடிகளுக்கும் தெரியும். ஒரு கிணற்றடியும் வாய் திறக்காது.

மூன்று கிழமைக்கு முன் ஒரு காலை, நான் ஆரணிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க, பரிமளம் அக்கா போன் எடுத்தார்.

"பிள்ளை, எங்கட பொட்டெல்லாம் போனுக்குள்ளை எப்பிடி வந்தது?"

"ஏன் அக்கா?"

"பாசல் குடுக்கிற பெடியன் ஒருத்தன் மோட்டச்சைக்கிளை றோட்டிலை விட்டிட்டு, போனைப் பாத்துப் பாத்துக் குனிஞ்சு குனிஞ்சு வந்து நிக்கிறான், மனோவின்ர கிணத்தடியிலை. அவள் குறுக்குக் கட்டோடை நிண்டு குளிக்கிறாள். வாளியாலை எறிஞ்சிருக்கிறாள். அவன் தலையைத் தடவிக்கொண்டு கும்பிடுறானாம், அக்கா, என்னிலை பிழையில்லை, போன்தான் இதாலை போகச் சொன்னது எண்டு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு என் காதுக்குள் இன்னும் கிடக்கிறது.

"சிரியாதையும் பிள்ளை. நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

அவன் அதைப் பகிடியாகத் தவறணைச் சந்தியில் சொல்லியிருக்கிறான். அங்கே நின்றவர்கள் ஆளாளுக்குப் போனைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பின்வளவுகளுக்கூடாக ஒரு புள்ளிக் கோடு, அதன் முடிவில் 'பெண்கள் கூடும் இடம்'. மூன்றாம் நாள் செல்வியின் புருஷன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நாலு வருசம் பிள்ளை. நாலு வருசமா அவனுக்குத் தெரியாது அவள் எங்கை போறவள் எண்டு. அண்டைக்கு நேரா என்ர குசினி வாசலிலை வந்து நிண்டான்."

"செல்வி?"

"இடக்கை முறிஞ்சிட்டுது. தமக்கையோடை வேற ஊருக்கு அனுப்பியிட்டம். உயிர் இருக்கு."

கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆரணி கஞ்சிக்குக் கத்தினாள். பரிமளம் அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தர்சிப் பிள்ளை இப்பிடிச் செய்யிற ஆளில்லையே," என்றார் பிறகு. "இந்தப் பொட்டுகளை மட்டும் படத்திலை போடாதையும் எண்டு நாங்கள் எல்லாரும் சொன்னனாங்கள். அவ அழிறப்பரை எடுத்துக் காட்டினவ. அக்கா, றோட்டாலை போறதை விட நீங்கள் எவ்வளவு தூரம் சுத்திப் போறியள் எண்டு அளக்கத்தான் கீறுறன், அளந்து முடிய அழிச்சுப்போடுவன் எண்டு. பென்சிலாலைதானே கீறினவ?"

பென்சிலால்தான் கீறினாய். அழிக்கவும் தொடங்கியிருந்தாய். இரண்டு பக்கம் அழித்துவிட்டாய். மூன்றாம் பக்கத்துக்கு வர முதல் அந்த ரயிலால் இறங்கிவிட்டாய். நீ அழித்ததை அன்பால் மீண்டும் கீறியவள் நான்.

"அவ செய்யேல்லை அக்கா. நான்தான் செய்தனான்," என்றேன். அதைச் சொல்லக் கூடிய துணிவாவது அந்த நேரம் வந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை? ஒரு மூலையில், 'மச்சாள், இது அழிக்க' என்று எழுதியிருக்கக் கூடாதா? சாகப் போவது உனக்குத் தெரியாது, அதுதான் பதில். அது தெரிந்தும் கேட்கிறேன்.

அன்றே திறந்த வரைபடத்தில் எல்லாவற்றையும் நீக்கினேன். அங்கே அழித்தாலும் பழைய பதிப்பு அடியில் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அதைப் பராமரிக்கிறவர்களுக்கு எழுதி, அதையும் மறைக்கச் செய்தேன். ஆனால் யார் யார் ஏற்கெனவே பிரதி எடுத்தார்கள், யாருடைய போனில் இறங்கிக் கிடக்கிறது, யாருக்குத் தெரியும்? கொப்பியில் அழிப்பது மாதிரி அங்கே அழிக்க ஏலாது.

அக்காவின் அழைப்புக்குப் பிறகு இதுவரை நான் செய்தது சரி. அதன் பிறகு ஒரு பிழை செய்தேன். பேசாமல் இருந்தேன். நிறுவனத்தின் ஆண்டு அறிக்கைக்கான படத்தில் அந்தப் பாதை முழுதாகக் கிடந்தது. போன கிழமை கரொலைன் மாமிக்கே எடுத்து, உன் பெயரை அதற்கு வைக்கப்போவதாகச் சொன்னாள். மாமி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். உன் படத்துக்குப் பூ வைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு தேநீர் ஊற்றினேன். நிறுவனத்தோடு என் வேலை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதும் மனதில் ஓடியது. மறைக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரமணனிடம் சொன்னேன். கேட்டு முடியும்வரை கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஒரே கோப்பையை.

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"கரொலைனிட்டைச் சொல்லி எடுக்கப் போறன்."

"என்ர தங்கச்சி எங்கை கிடக்கிறாள் எண்டு தெரியாமல் நான் பனிக்குள்ளை திரிஞ்சனான். இடம் தெரியாமல்தான் அவள் செத்தவள். நீ இடத்தை அழிக்கப் போறாய்."

கோபம் வந்தால்தான் அவர் வாயில் 'நீ' வரும். கலியாணம் கட்டி ஐந்து வருடத்தில் நான் அதை மூன்று தரம் கேட்டிருப்பேன்.

"இடம் தெரிஞ்சதாலைதான் செல்வியின்ர கை முறிஞ்சது ரமணன்."

"செல்வி ஆரெண்டு எனக்குத் தெரியாது. தர்சியின்ர பேர் ஒண்டுதான் மிச்சம். அதையும் அழிக்கப் போறியோ?"

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. உன்னைக் கேட்கலாம் என்றால், நீதான் இல்லை.

மறுநாள் காலை பரிமளம் அக்கா மீண்டும் எடுத்தார். ஆரணி காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். போனைக் குசினி மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். ரமணன் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பாமல்.

"பிள்ளை, படத்தை முழுக்க அழிக்க ஏலாதெண்டு சொன்னீரல்லோ?"

"ஓம் அக்கா."

"பரவாயில்லை. நாங்கள் நிலத்தை மாத்திப்போட்டம்."

"விளங்கேல்லை."

"படத்திலை இருந்த பதினொரு பொட்டையும் அடைச்சிட்டம். சிலதுக்குத் தகரம், சிலதுக்கு முள்ளு. போனைப் பாத்துக்கொண்டு வாறவன் முள்ளிலை முட்டட்டும்." பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள்.

"அப்ப நீங்கள் எப்பிடிப் போறியள்?"

"போறம்."

"எதாலை அக்கா?"

"அதைக் கேளாதையும் பிள்ளை."

திரும்பவும் சிரிப்பு. எனக்குத்தான் முகம் சுட்டது.

"ஒண்டு கேக்கட்டே?" என்றார் அக்கா. "நாங்கள் எங்கை ஒளிக்கிறம் எண்டு மினைக்கெட்டுக் கீறினியள். ஏன் ஒளிக்கிறம் எண்டு கீறினா என்ன? சந்தியைக் கீறுங்கோவன். தவறணை எத்தினை மணிக்குத் திறக்குது, எத்தினை மணிக்குப் பூட்டுது. எரியாத லைட்டைக் கீறுங்கோ. பள்ளிக்கூடம் விடுற நேரம் அந்த மதகிலை ஆர் ஆர் இருந்து நையாண்டி பண்ணுறாங்கள் எண்டு மனோவிட்டைக் கேளுங்கோ, பேரோடை சொல்லுவாள். அதைப் பேனையாலை கீறுங்கோ. நாங்கள் அழிக்கச் சொல்லமாட்டம்."

ரமணன் கத்தியைக் கீழே வைத்தார். மேசைக்குக் கிட்ட வந்தார்.

"அக்கா, நான் தர்சியின்ர அண்ணன் கதைக்கிறன்."

மறுபக்கத்தில் சத்தம் அடங்கியது.

"சொல்லுங்கோ தம்பி."

"அந்தச் சந்தியிலை எத்தினை லைட் போஸ்ட் இருக்கு?"

"நாலு இருக்கு. ஒண்டும் எரியாது."

"எப்ப தொடக்கம்?"

"போன மழைக்கு முதல் மழை தொடக்கம்."

"ஆரிட்டைச் சொன்னனீங்கள்?"

"சொல்லாத ஆளில்லை."

அவர் என்னைப் பார்த்தார். முதல்நாள் சண்டைக்குப் பிறகு முதல் தரம். "பேனை ஒண்டு இருக்கே?" என்று கேட்டார். ஆரணியின் கிறுக்கல் தாளில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்: எந்தக் கம்பம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு இருட்டும். லொறி நிற்கிற இடத்தை எழுதுகிற அதே எழுத்து. பிறகு பாணைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

நேற்று கரொலைனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் அவள் முகம் வெளிறியது. கெட்டவள் இல்லை, உனக்குத் தெரியும். உன் கடைசி வேலை இது, எப்படி அழிப்பது என்றாள். புள்ளிகளை ஐம்பது மீட்டர் அங்கும் இங்கும் தள்ளி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்டாள். ஐம்பது மீட்டர் தள்ளினால் அது இன்னொருத்தியின் கிணற்றடி என்றேன். மடியில் இருந்த ஆரணி விசைப்பலகையில் பிஸ்கட்டை நொறுக்கினாள்.

பாதை படத்திலிருந்து போகிறது. வெள்ளிக்கிழமை எதுவும் வெளிவராது. சந்தியைக் கீறுவதைப் பற்றி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீட்டுவார்களோ தெரியாது. நீட்டாவிட்டால் ஆரணியை டேகெயரில் சேர்க்கும் கனவை ஒத்திவைக்கவேண்டியதுதான். பயமாக இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் மூன்று கிழமையாக இருந்த அந்த மற்றப் பயம் இல்லை.

இன்று காலை உன் கொப்பியை எடுத்தேன். மட்டைக்குள் உன் அழிறப்பர் இருந்தது. ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தது. மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆரணி "நான், நான்" என்று கையை நீட்டினாள். ஒன்றை அவளை அழிக்க விட்டேன். தாளைக் கிழிக்கப் பார்த்தாள். கடைசிப் பொட்டில் என் கை நின்றுவிட்டது தர்சி. நீ கீறிய கோடு அது. உன் கை அழுத்திய அழுத்தம் அதில் இருந்தது. படங்களில் உன் முகம் இருக்கிறது, போனில் உன் குரல் இருக்கிறது, கை இருந்தது அந்தக் கோட்டில்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படையல் வைத்து எல்லோரும் சாப்பிட முதல், மாமியைத் தனியே கூப்பிட்டு நானே சொல்வேன். உன் பெயரில் மப் வராது என்றும், நான் செய்த பிழை என்ன என்றும், நீ அங்கே கொடுத்த வாக்கு என்ன என்றும். அழுவார். என்னோடு கொஞ்ச நாள் கதைக்கமாட்டார். இருக்கட்டும். மகள் வாக்கைக் காப்பாற்றினாள் என்று ஒருநாள் கடையில் நின்று சொல்வாரோ? தெரியாது.

பின்னால் ஆரணி அசைகிறாள். இந்த முறை எழும்பப் போகிறாள். நான் இங்கே வந்து நின்று ஒரு மணித்தியாலம் இருக்கும். ரமணன் இப்போது திரையில் என் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, எடுப்போமா விடுவோமா என்று இருப்பார். அந்த அப்பை நான் அணைக்கவில்லை. அது இல்லாமல் இப்போதைக்கு அவருக்கு மூச்சு வராது. ஆனால் இந்தத் தரம் அவர் எடுக்க முதல் நானே எடுத்தேன்.

"ரமணன், நான் பிளாசாவிலை நிக்கிறன். பிள்ளை எழும்பப் போறாள். தர்சிக்கு ஒரு கடிதம் எழுதினனான்."

"என்ன எழுதினனீர்?"

"வீட்டை வந்து வாசிச்சுக் காட்டுறன்."

"சரி," என்றார். பிறகு, "லைட் விஷயமும் எழுதினீரோ?"

எழுதிவிட்டேன் தர்சி. அந்த நாலு கம்பமும் எரியும்வரை யாரையும் நித்திரை கொள்ள விடமாட்டேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேனாவால்தான் எழுதுவேன். புதிய பொட்டு எங்கே இருக்கிறது என்று பரிமளம் அக்காவிடம் இனி ஒருநாளும் கேட்கமாட்டேன். உன் மருமகள் வளர்ந்து கேட்டாலும் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

உன் வாக்கை உடைத்தவளும், மிச்சத்தை அழித்து முடித்தவளுமான,
உன் மச்சாள் வதனி